பாதுகாப்பும் அந்தரங்கமும்: சைபர்-பிசிக்கல் அமைப்புகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆலைகள், பெரிய கட்டடங்கள், மின்விநியோகம் என்று பல இடங்களில் கட்டுப்பாட்டு அமைப்புகளின் பாதுகாப்பு பற்றிப் பேசி வருகிறேன். கேட்பவர்கள் மாறினாலும் சந்தேகங்கள் பெரும்பாலும் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். முதல் சில கேள்விகள் அடிப்படையானவை. விஷயம் தெரிந்தவர்கள் நான்காவது கேள்வியிலிருந்து படிக்கலாம்.

சைபர்-பிசிக்கல் அமைப்புன்னா என்ன? ஐஓடின்னு சொல்றதும் இதுவும் ஒண்ணுதானா?

கணினி ஒன்று வெளியுலகில் எதையோ அளந்து, அந்த அளவை வைத்து வெளியுலகில் எதையோ மாற்றினால் அது சைபர்-பிசிக்கல் அமைப்பு. தொட்டியின் நீர்மட்டத்தைப் பார்த்துப் பம்பை ஓட்டும் கருவி, காரின் பிரேக், மின்கட்டம், துடிப்பு குறையும்போது இதயத்தைத் தூண்டிவிடும் பேஸ்மேக்கர் எல்லாம் இதில் சேரும். அளப்பது, முடிவெடுப்பது, இயக்குவது என்ற சுற்று இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஐஓடி, அதாவது இணையத்தோடு இணைந்த கருவிகள், இதோடு ஒட்டிய சொந்தம். வெப்பநிலையை இணையத்துக்கு அனுப்புவதோடு நின்றுவிடும் சென்சார் வெறும் ஐஓடி. அந்த அளவை நம்பி ஒரு வால்வு திறக்கத் தொடங்கினால் அது சைபர்-பிசிக்கல்.

ஹேக் பண்ணா டேட்டா போகும். அதுக்கு மேல என்ன ஆகிடப் போகுது?

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் மரூச்சி ஷயர் என்ற உள்ளாட்சிப் பகுதி. 2000-ஆம் ஆண்டில் அங்கே கழிவுநீர் பம்புகள் காரணமில்லாமல் நின்றன, அலாரங்கள் அடிக்கவில்லை. சுமார் 8 லட்சம் லிட்டர் சுத்திகரிக்காத கழிவுநீர் பூங்காக்களிலும் நீர்நிலைகளிலும் கலந்தது. அந்த அமைப்பை நிறுவிய ஒப்பந்த நிறுவனத்தில் முன்பு வேலை பார்த்த ஒருவர், மடிக்கணினியும் ரேடியோ கருவியும் வைத்துக்கொண்டு போலிக் கட்டளைகளை அனுப்பியிருந்தார். அவர் எந்தத் தரவையும் திருடவில்லை.

2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் மூன்று மின்விநியோக நிறுவனங்களின் கன்ட்ரோல் ரூம்களுக்குள் புகுந்தவர்கள் சர்க்யூட் பிரேக்கர்களைத் திறந்து மின்னோட்டத்தைத் துண்டித்துவிட்டார்கள். ஏறத்தாழ 2,25,000 வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் போனது. திரையில் மவுஸ் அம்பு தானாக நகர்வதை ஆபரேட்டர்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. துணைமின்நிலையங்களுக்கு ஆட்கள் நேரில் போய்க் கையால் இயக்கித்தான் மின்சாரம் திரும்பியது. 2010-இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல் இன்னும் தந்திரமானது. ஈரானின் நடான்ஸில் யுரேனியம் செறிவூட்டும் இயந்திரங்களைக் கெடுத்துக்கொண்டே, முன்பு பதிவுசெய்த நல்ல அளவுகளைத் திரும்ப ஓட்டிக் காட்டி எல்லாம் சரியாக இருப்பதாக நம்பவைத்தது.

மீட்டரும் சென்சாரும் வெறும் நம்பர்தானே அனுப்புது? அதுல என்ன அந்தரங்கம் இருக்கு?

ஒரு வீட்டின் மொத்த மின்நுகர்வை விநாடிக்கு ஒருமுறை வரைபடமாகப் போட்டுப் பாருங்கள். ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் ஓடி நிற்பது சீரான சிறு படிகளாகத் தெரியும். தண்ணீர் சூடாக்கும் கெட்டில் இரண்டு கிலோவாட் அளவில் சட்டென்று ஏறி, சில நிமிடத்தில் சட்டென்று இறங்கும். வாஷிங் மெஷினுக்குத் தனி வடிவம். எத்தனை மணிக்கு எழுந்தார்கள், இரவில் எத்தனை முறை விளக்கு போட்டார்கள், எந்த வாரம் ஊரில் இல்லை என்பதெல்லாம் அந்த ஒற்றைக் கோட்டிலேயே இருக்கிறது. வீட்டுக்குள் ஒரு சென்சார்கூட வைக்காமல் இப்படிக் கருவிகளைப் பிரித்தறியும் முறையை 1980-களில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் உருவாக்கியவர்களில் முக்கியமானவர் ஜார்ஜ் ஹார்ட். இது வீடுகளை வேவு பார்க்கவும் உதவிவிடும் என்று 1989-இலேயே கட்டுரை எழுதி எச்சரித்தவரும் அவரேதான்.

நேரம் எவ்வளவு நுணுக்கமோ அவ்வளவு வெளிப்படும். மாதம் ஒரு அளவு என்றால் பில் மட்டும் தெரியும். 15 நிமிடத்துக்கு ஒன்று என்றால் அன்றாட நடமாட்டம் தெரியும். விநாடிக்கு ஒன்று என்றால் கருவி கருவியாகத் தெரியும். அமெரிக்காவின் நேப்பர்வில் நகரத்துக்கு எதிரான வழக்கில் 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதையே எடைபோட்டது. 15 நிமிட அளவுகளை நகர நிர்வாகம் திரட்டுவதும் அரசியல் சட்டப்படி, வீட்டுக்குள் தேடிப் பார்ப்பது போன்ற ஒரு ‘சோதனை’தான் என்றது. மின்கட்ட நவீனமயமாக்கலுக்காக என்பதால் அது நியாயமானது என்று அனுமதித்தது. இடைவெளி குறைந்தாலோ, காவல்துறை கைக்குப் போனாலோ முடிவு மாறலாம் என்றும் சேர்த்துச் சொன்னது.

பாதுகாப்பு வேணும்னா அந்தரங்கத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தானே ஆகணும்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். நான் அதிகம் வாதாடுவதும் இதற்காகத்தான். ஒன்று ஏறினால் மற்றது இறங்கியே தீரும் என்ற நம்பிக்கை, யோசிக்காமல் எல்லாவற்றையும் பதிவு செய்துவைக்க வசதியான சாக்காகிவிடுகிறது.

கட்டுப்பாட்டு அமைப்பைக் காக்க நமக்குத் தெரிய வேண்டியது பெரும்பாலும் இயந்திரங்களைப் பற்றி. இந்தக் கட்டளை எந்தக் கருவியிலிருந்து வந்தது, அதற்கு அந்த உரிமை உண்டா, இந்த அழுத்தம் இயற்பியல்படி சாத்தியமா, கருவிக்குள் பதிந்த மென்பொருளான ஃபர்ம்வேர் நேற்று இருந்ததுதான் இன்றும் இருக்கிறதா என்பவை அந்தக் கேள்விகள். மனிதர்களைப் பற்றிய விவரம் எதுவும் இல்லாமலே இவற்றுக்குப் பதில் சொல்லலாம். மரூச்சியில் நடந்ததைப் பாருங்கள். சந்தேகம் வந்த பொறியாளர் ரேடியோ சமிக்ஞைகளைப் பதிவு செய்து பார்த்தார். கோளாறான கட்டளைகள் 14-ஆம் எண் பம்ப் நிலையத்தின் பெயரில் வந்துகொண்டிருந்தன. அந்த நிலையத்தின் அடையாள எண்ணை அவர் 3 என்று மாற்றினார். அதன் பிறகும் 14 என்ற எண்ணில் வந்தவை எல்லாம் போலி என்று உறுதியானது. இதற்காக ஒரு ஊழியரின் மின்னஞ்சலையும் அவர் திறந்து பார்க்கவில்லை.

பாதுகாப்புக்கென்று சேர்த்த தரவே பாதுகாப்பு ஓட்டையாவதும் உண்டு. 2021 மார்ச்சில் ஒரு கண்காணிப்புக் கேமரா நிறுவனத்தின் உச்சநிலை நிர்வாகி பாஸ்வேர்டு வெளியில் கிடைத்துவிட, மருத்துவமனை, பள்ளி, சிறை என்று ஏறக்குறைய 1,50,000 கேமராக்கள் அந்நியர் பார்வைக்குப் போயின. சேர்க்காத தரவை யாரும் திருட முடியாது. ரொம்ப இடங்களில் அந்தரங்கத்துக்கான முதல் படியும் பாதுகாப்புக்கான முதல் படியும் ஒன்றுதான். நிஜமாகவே இரண்டும் மோதும் இடங்கள் சில உண்டு, மறுக்கவில்லை. பின்னால் அவற்றுக்கு வருகிறேன்.

எல்லாத்தையும் என்கிரிப்ட் பண்ணிட்டா வேலை முடிஞ்சுதே?

பாதி முடியும். என்கிரிப்ஷன் என்றால் சாவி உள்ளவர் மட்டும் படிக்கும்படி தரவைப் பூட்டுவது. வழியில் ஒட்டுக்கேட்பவர்களை அது தடுக்கும். ஆனால் தரவு போய்ச் சேரும் இடத்தில் பூட்டு திறந்துதான் ஆக வேண்டும். அங்கே இருப்பவர் அதை என்ன செய்கிறார் என்பதில் என்கிரிப்ஷனுக்கு வேலை இல்லை. பொருளடக்கம் மறைந்தாலும், எப்போது எவ்வளவு போகிறது என்பதே பேசும். வீட்டுக் கேமரா அசைவைக் கண்டால் மட்டும் அனுப்புகிறது என்றால், போக்குவரத்தின் அளவைப் பார்த்தாலே வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்று தெரிந்துவிடும்.

ஆலைகளில் இன்னொரு சிக்கல். ஆலைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசப் பயன்படும், 1979-இல் பிறந்த மோட்பஸ் நெறிமுறை இன்றும் ஓடுகிறது. அனுப்புபவர் யார் என்று சரிபார்க்கும் ஏற்பாடே அதில் கிடையாது. அங்கே ரகசியத்தைவிட அவசரமானது, கட்டளை அசலானதா என்ற சரிபார்ப்பு. பம்ப் ஓடுகிறது என்பது வெளியே தெரிவதால் பெரிய நஷ்டமில்லை. பம்பை நிறுத்து என்று யாரோ சொல்ல முடிவதுதான் ஆபத்து. எனவே ஆலைக்குள் கட்டளைகளுக்கு முதலில் கையொப்பம் (அனுப்பியவர் அசல் என்று காட்டும் டிஜிட்டல் முத்திரை), மனிதர்கள் சம்பந்தப்பட்ட தரவுக்கு முதலில் மறைப்பு என்று நான் பிரித்துச் சொல்வேன்.

பேரை எடுத்துட்டுத்தான் டேட்டா வச்சிருக்கோம். அப்புறம் என்ன பயம்?

பெயர் இல்லாவிட்டாலும் ஆள் தெரிவார். 15 லட்சம் பேரின் மொபைல் இருப்பிடத் தரவை வைத்து 2013-இல் வெளியான ஆய்வு, நேரமும் இடமும் சேர்ந்த நான்கே புள்ளிகள் இருந்தால் 95 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காணலாம் என்று காட்டியது. வீடு, அலுவலகம், பிள்ளைகளின் பள்ளி, வாரம் ஒருமுறை போகும் மருத்துவமனை. நான்கு ஆகிவிட்டது.

எண்ணை ஹாஷ் செய்துவிட்டோம், அதாவது நேராகத் திருப்பிப் படிக்க முடியாத குறியீடாக மாற்றிவிட்டோம் என்பார்கள் சிலர். 2014-இல் நியூயார்க் டாக்சிப் பயணத் தரவு அப்படித்தான் வெளியானது. டாக்சி உரிம எண்களின் வடிவம் குறுகியது. இருக்கக்கூடிய எண்களையெல்லாம் ஹாஷ் செய்து ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் சில மணி நேரத்தில் அசல் எண்களைக் கண்டுபிடித்துவிட்டார்கள். மீட்டர் எண், வாகன எண், ஊழியர் எண் எல்லாம் இதே மாதிரி குறுகிய வடிவம்தான்.

டயர் பிரஷர் சென்சார்ல கூடப் பிரச்சினைன்னு சொன்னாங்க. கொஞ்சம் அதிகமாப் போறாங்களோ?

இல்லை, உண்மைதான். டயர்க் காற்று குறைந்தால் எச்சரிக்கும் சென்சார் அமெரிக்காவில் 2007 முதல் புதிய கார்களில் கட்டாயம். உயிரைக் காக்க வந்த நல்ல ஏற்பாடு. 2010-இல் ஆராய்ச்சியாளர்கள் சோதித்தபோது, அவர்கள் எடுத்த சென்சார்கள் மாறாத அடையாள எண் ஒன்றை மறைப்பு ஏதுமின்றி ஒலிபரப்புவதும், ஓடும் காரிலிருந்து 40 மீட்டர் தூரம்வரை அதைப் படிக்க முடிவதும் தெரிந்தது. சாலையோரம் ஒரு கருவி இருந்தால் போதும், அந்தக் கார் எப்போது கடந்தது என்று குறித்துக்கொள்ளலாம். சரிபார்ப்பு இல்லாததால் போலி எச்சரிக்கையை ஓட்டுநருக்குக் காட்டவும் அவர்களால் முடிந்தது. பாதுகாப்பும் இல்லை, அந்தரங்கமும் இல்லை. வடிவமைக்கும்போது யாரும் கேள்வி கேட்காததால் இரண்டும் ஒன்றாகவே போயின.

வருங்காலத்துல கார்கள் ஒண்ணோட ஒண்ணு பேசுமாமே. அப்போ என் கார் எங்க போகுதுன்னு எல்லாருக்கும் தெரியுமா?

மோதலைத் தவிர்க்க, இருப்பிடம், வேகம், திசை மூன்றையும் விநாடிக்குப் பத்து முறை ஒலிபரப்புவது அதன் அடிப்படை. செய்தி போலியில்லை என்பதற்குக் கையொப்பம் வேண்டும். ஒரே கையொப்பத்தைத் தொடர்ந்து பயன்படுத்தினால் டயர் சென்சார் கதையே பெரிதாகத் திரும்ப வரும். கையொப்பமே இல்லாவிட்டால், இல்லாத காரைக் காட்டி யாரும் உங்களைப் பிரேக் போடவைக்கலாம். இது அசலான மோதல்.

அமெரிக்காவில் இதற்கு உருவாக்கிய சான்றிதழ் ஏற்பாட்டை நான் போகுமிடமெல்லாம் எடுத்துச் சொல்வதுண்டு. ஒவ்வொரு காருக்கும் வாரத்துக்கு 20 புனைபெயர்ச் சான்றிதழ்கள். அவற்றைக் கார் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும். செய்தி அசல் என்று பெறுபவருக்குத் தெரியும், யாருடையது என்று தெரியாது. இந்த 20-ம் ஒரே காருடையவை என்ற உண்மை எந்த ஒரு அமைப்பின் கையிலும் முழுதாக இல்லாதபடி பல அலுவலகங்களுக்கிடையே பிரித்திருக்கிறார்கள். ஒரு கார் பொய்ச் செய்தி அனுப்புவதாகத் தெரிந்தால் அந்த அலுவலகங்கள் சேர்ந்து அதை விலக்கலாம். விலக்கிய பிறகு அதன் புதிய செய்திகளை மற்ற கார்கள் ஒதுக்கும். ஆனால் அந்த விலக்கல் அறிவிப்பை வைத்து அதன் பழைய பயணங்களை ஒன்றோடொன்று கோக்க முடியாது. குற்றவாளியின் கடந்த காலத்துக்குக்கூட அந்தரங்கம் விட்டுவைத்திருக்கிறார்கள். உள்ளே இருப்பவரே கெட்டவரானால் என்ன ஆகும் என்று முதல் நாளிலேயே கேட்டதன் பலன் இது.

மின்கட்டத்தைக் காப்பாத்த ஒவ்வொரு வீட்டு அளவும் உடனுக்குடன் வேணும்னு சொல்றாங்க. உண்மையா?

எதற்கு என்று திருப்பிக் கேளுங்கள். பில் போட மாதத்துக்கு ஒரு கூட்டுத்தொகை போதும். நேரத்துக்கேற்ற கட்டணம் என்றால் அந்தந்த நேரப் பிரிவின் கூட்டுத்தொகை போதும், அதையும் மீட்டரே கூட்டிக்கொள்ளும். டிரான்ஸ்ஃபார்மருக்குச் சுமை தாங்குமா என்று பார்க்க அந்தத் தெருவின் மொத்தம் போதும். தனித்தனி வீட்டின் நுணுக்க அளவு உண்மையில் வேண்டிய வேலைகளைத் தேடினால், மின்திருட்டு போன்ற சிலவே மிஞ்சும்.

மொத்தத்தை மட்டும் தெரிந்துகொள்ள நல்ல வழிகள் உண்டு. ஒவ்வொரு மீட்டரும் தன் அளவோடு ஒரு ரகசிய எண்ணைச் சேர்த்து அனுப்பும். எல்லா ரகசிய எண்களையும் கூட்டினால் பூஜ்ஜியம் வரும்படி முன்கூட்டியே பேசி வைத்திருக்கும். தனி அளவைப் பார்த்தால் குப்பை, கூட்டினால் சரியான மொத்தம். நெதர்லாந்தில் 2009-இல் கட்டாய ஸ்மார்ட் மீட்டர் சட்டத்தை மேலவை அந்தரங்கக் காரணம் சொல்லி நிறுத்தியது. பிறகு, மறுக்கும் உரிமையோடுதான் அது வந்தது. இதையெல்லாம் முதலிலேயே யோசித்திருந்தால் அந்தத் தாமதம் தேவைப்பட்டிருக்காது.

டேட்டாவுல கொஞ்சம் நாய்ஸ் கலந்துட்டா அந்தரங்கம் கிடைக்குமாமே. கன்ட்ரோல் கெட்டுப்போகாதா?

கெடலாம். சரியான கேள்வி. 2006-இல் உருவான டிஃபரென்ஷியல் பிரைவசி, ஒரு தனி ஆள் பட்டியலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விடை ஏறக்குறைய ஒன்றாகவே தெரியும்படி கணக்குப்போட்டு இரைச்சல் கலக்கும் முறை. வெளியிடும் புள்ளிவிவரங்களுக்கு அருமையானது. உடனடி முடிவெடுக்கும் கட்டுப்பாட்டுச் சுற்றுக்குள் அதைத் திணித்தால் வால்வு அந்த இரைச்சலுக்கும் சேர்த்து ஆட ஆரம்பிக்கும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. மின்கட்டத்தின் நிலையை மதிப்பிடும் கணக்கை, தவறான அளவு என்று பிடிபடாதபடியே ஏமாற்ற முடியும் என்று 2009-இல் வந்த ஆய்வு காட்டியது. இரைச்சலும் கலந்திருந்தால் தாக்குபவருக்கு ஒளிய இடம் இன்னும் கூடுகிறது. எனவே கட்டுப்பாட்டுக்குப் போகும் அளவு சுத்தமாக, கையொப்பத்தோடு, உள்ளேயே இருக்கட்டும். திட்டமிடுபவர்களுக்கும் ஆய்வுக்கும் வெளியே போகும் நகலில் இரைச்சல் கலக்கட்டும். ஒரே குழாயில் இரண்டையும் ஓட்டினால்தான் தொல்லை.

உள்ள வேலை பாக்குறவங்களைக் கண்காணிக்காம உள்ளாள் தாக்குதலை எப்படிப் பிடிக்கிறது?

மரூச்சிக்காரர் பாதி உள்ளாள் மாதிரி, அமைப்பு தெரிந்தவர். அவருடைய போலிக் கட்டளைகளைக் காட்டிக்கொடுத்தது ரேடியோ சமிக்ஞைகளின் பதிவு என்று மேலே சொன்னேன். எந்த வால்வுக்கு, எந்தக் கணக்கிலிருந்து, எந்த நேரத்தில் கட்டளை போனது என்பதை முழுமையாகப் பதிவு செய்யுங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆபரேட்டர் எத்தனை முறை எழுந்து போனார், யாரோடு பேசினார் என்பதை விட்டுவிடுங்கள். அபாயகரமான கட்டளைகளுக்கு இரண்டு பேர் ஒப்புதல் என்று வைத்தால், கண்காணிப்பைவிட அது நன்றாகத் தடுக்கும்.

பதிவில் பெயருக்குப் பதில் புனைபெயர் வைத்து, சந்தேகம் எழும்போது மட்டும் இரண்டு அதிகாரிகள் சேர்ந்து பெயரைத் திறக்கலாம். கார் சான்றிதழின் அதே யோசனை. தாங்கள் வேவு பார்க்கப்படுகிறோம் என்று நினைக்கும் ஷிப்ட் ஆட்கள் ஒரே லாகினைப் பகிர்ந்துகொள்ளத் தொடங்குவார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். அந்த நாளோடு உங்கள் பதிவால் எந்தப் பயனும் இல்லை.

லாக் எத்தனை நாள் வச்சிருக்கணும்?

எல்லாவற்றுக்கும் ஒரே எண் சொல்ல முடியாது. இயந்திரக் கட்டளைகளை நீண்ட காலம் வைக்கலாம், ஊடுருவல் மாதக்கணக்கில் மறைந்திருக்கும். கேமராப் படம், கதவு கார்டு போன்ற ஆட்களைக் காட்டும் பதிவுகள் தானாக அழியும்படி குறுகிய கெடு வையுங்கள். சம்பவம் நடந்தால் அந்தப் பகுதியை மட்டும் எடுத்துத் தனியே பூட்டிக்கொள்ளலாம்.

பேஸ்மேக்கருக்குப் பூட்டு போட்டா அவசரத்துக்கு டாக்டர் எப்படித் திறப்பார்?

இந்தத் தலைப்பிலேயே மிகக் கடினமான கேள்வி. தாறுமாறான இதயத் துடிப்பை மின் அதிர்ச்சியால் சீராக்க உடலுக்குள் பொருத்தும் டிஃபிப்ரிலேட்டர் ஒன்றிலிருந்து நோயாளி விவரத்தை ரேடியோ மூலம் படிக்கவும், சிகிச்சை அமைப்பை மாற்றவும் முடியும் என்று 2008-இல் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். 2017-இல் அமெரிக்காவில் சுமார் 4,65,000 பேஸ்மேக்கர்களுக்குப் பாதுகாப்பு ஃபர்ம்வேர் அப்டேட் அறிவிக்கப்பட்டது. அதற்கு நோயாளி மருத்துவமனைக்கு நேரில் போக வேண்டும். அப்டேட்டின்போது கருவி பழுதாகும் சிறு ஆபத்தையும் மருத்துவரோடு பேசி எடைபோட வேண்டும்.

மயங்கிக் கிடப்பவர் பாஸ்வேர்டு சொல்ல மாட்டார். அதனால் தூரத்தைச் சாவியாக்கும் யோசனை வந்தது. மருத்துவரின் கருவியை நோயாளியின் மார்பருகே வைத்தால்தான் அமைப்பை மாற்றலாம், தூரத்திலிருந்து முடியாது. அவ்வளவு அருகில் வரும் எதிரியிடமிருந்து இது காக்காது. உயிர் போகும் அவசரத்தில் மருத்துவருக்குக் கதவு திறப்பதற்காக அந்த எஞ்சிய ஆபத்தை ஏற்கலாம் என்பது என் கருத்து. ஆனால் கருவியின் எண்ணையும் நோயாளி விவரத்தையும் கேட்பவர்களுக்கெல்லாம் ஒலிபரப்புவதற்கு எந்த அவசரமும் காரணமாகாது.

எங்களுது சின்னக் கட்டடம், ஐடிக்கு ஒரே ஆள். எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

முதலில் பட்டியல். லிஃப்ட், ஏசி, கேமரா, கதவு, தண்ணீர்ப் பம்ப் என்று வலையில் ஒட்டியிருப்பது எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று விஷயம்: அது யாரோடு பேசுகிறது, எதை இயக்கும், யாரைப் பற்றி என்ன தெரிந்துகொள்கிறது. மூன்றாவது கட்டத்தை நிரப்பும்போதுதான் ஆச்சரியங்கள் வரும்.

அப்புறம் பாஸ்வேர்டு. 2016-இல் பல பெரிய இணையதளங்களைத் தடுமாறவைத்த மிராய் என்ற தீநிரல், தயாரிப்பாளர்களே போட்டு அனுப்பிய அறுபது சொச்சம் பயனர்பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகளை முயன்றுதான் கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. கருவி விற்ற வென்டருக்குத் தொலைவிலிருந்து நுழையும் வழி இருந்தால், அவர் கேட்கும்போது மட்டும் திறந்து மூடுங்கள். கேமரா வலை, பம்ப் வலை, அலுவலக வலை மூன்றையும் பிரித்துவிடுங்கள். வாங்கும் முன் வென்டரிடம் இரண்டு கேள்வி: இணையம் போனால் கருவி ஓடுமா, எத்தனை வருடம் அப்டேட் தருவீர்கள்? முதல் கேள்விக்கு ஓடாது என்று பதில் வந்தால், உங்கள் தரவு இல்லாமல் அவர் வியாபாரம் ஓடாது என்றே பெரும்பாலும் பொருள்.

சட்டம் என்ன சொல்லுது?

நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பாவில் 2018 முதல் நடைமுறையிலுள்ள ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டம், வடிவமைப்பிலேயே தரவுப் பாதுகாப்பு வேண்டும் என்று 25-ஆவது பிரிவில் சொல்கிறது, ஆபத்து அதிகமென்றால் முன்கூட்டியே மதிப்பீடு செய்யச் சொல்கிறது 35-ஆவது பிரிவு. பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல், இணையத்தோடு இணையும் நுகர்வோர் கருவிகளை எல்லாருக்கும் ஒரே பொதுப் பாஸ்வேர்டோடு விற்கத் தடை. உங்கள் நாட்டுச் சட்டத்தை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாம் செஞ்சும் ரெண்டும் நேருக்கு நேர் மோதினா? யார் முடிவு பண்ணணும்?

பாதுகாப்பு அதிகாரி தனியாக முடிவெடுக்கக் கூடாது. தவறினால் பழி வருவது அவருக்கு, தரவு போவது வேறொருவருக்கு. அந்த நிலையில் யாராக இருந்தாலும் கூடுதலாகத்தான் சேர்ப்பார்கள். ஆலையை ஓட்டுபவர், பாதுகாப்புக்காரர், யாருடைய தரவோ அவர்கள் தரப்பில் ஒருவர், மூன்று பேரும் உட்கார வேண்டும். அந்த மூன்றாவது நாற்காலி காலியாக இருக்கும் கூட்டங்களையே நான் அதிகம் பார்க்கிறேன்.

எந்தத் தாக்குதலைத் தடுக்க இந்தத் தரவு, இதைவிடக் குறைவாக முடியுமா, எந்தத் தேதியில் மறுபடி பார்ப்போம் என்ற மூன்றுக்கும் பதிலை ஒரே பக்கத்தில் எழுதிக் கையெழுத்திடுங்கள். தாக்குதலின் பெயரை எழுத முடியாவிட்டால் அந்தத் தரவை இப்போதைக்குச் சேர்க்க வேண்டாம். மறுபார்வைத் தேதியை அமைப்பிலேயே பதிந்து, அன்று யாரும் புதுப்பிக்காவிட்டால் சேகரிப்பு தானாக நிற்கும்படி வைத்துவிடுங்கள்.